இணுவிலுக்கென வந்து இலங்கைக்கே உரியவரான அம்மையார்

ஓர் ஊரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அவ்வூரிலே கோயில் கட்டினோரையும், கல்லூரி நிறுவினோரையும், சட்டசபைக்குச் சென்றோரையும் பற்றி எழுதுவர். அது தக்கதே. ஆயினும் அவ்வூரிலே பிறந்த குழந்தைகளுள் எத்தனை முதலாவது ஆண்டு நிறைவைக் கண்டன, எத்தனை தாய்மார் பிரசவத்தின் பின் எழுந்து நடமாடினர் என்னும் கணக்கும் சரித்திரமேயாகும். அந்தக் கணக்கைத் திருத்தி எழுதுவதற்காகவே வாழ்நாள் முழுவதையும் செலவிட்டோர் சிலர் நம் நாட்டிலே இருந்திருக்கின்றனர். அவர்களுக்குச் சிலைகள் இல்லை. தெருக்களுக்கு அவர்கள் பெயர் இடப்படுவதும் அரிது. அத்தகையோருள் ஒருவரை எமது சங்கத்து ஆண்டு மலரிலே நினைவுகூர விரும்புகின்றேன். அவர் டொக்டர் மேரி இரத்தினம் அம்மையார்.

1873ஆம் ஆண்டிலே கனடா தேசத்து ஒன்ராறியோ மாகாணத்திற் பிறந்து, 1896ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்து, 1962ஆம் ஆண்டிலே இந்நாட்டு மண்ணிலேயே கண்மூடியவர் அவர். ஏறக்குறையத் தொண்ணூறாண்டு வாழ்விலே அறுபத்தாறு ஆண்டுகள் நமக்குரியன. தொழிலால் அவர் வைத்தியர். ஆனால் அவர் வாழ்ந்த முறையை நோக்கும்போது, நோயாளியின் படுக்கையருகே இருந்து பராமரிக்கும் தாதியும், வீடு வீடாகச் சென்று நற்புத்தி கூறும் ஊர்த்தொண்டரும் அவரிடத்தே ஒன்றாய் அமைந்திருந்தனர் எனல் வேண்டும்.

இவ்விடத்திலே ஒன்றை ஒளியாது கூறவேண்டும். யான் மிஷன் பாடசாலையொன்றிலே கல்வி கற்றவன். மானிப்பாயிலே வைத்தியப் பணி புரிந்த கிறீன் துரையின் பெயரை அங்கே சிறுவயதிலேயே கேட்டறிந்தேன். மேரி இரத்தினம் என்னும் பெயரையோ ஒருநாளேனும் கேட்டதில்லை. சர்வகலாசாலைக்குச் சென்ற பின்னரே, கலாநிதி குமாரி ஜயவர்த்தன இவ்வம்மையாரைப் பற்றி எழுதியிருப்பதை அறிந்து, இவர் யாழ்ப்பாணத்து இணுவிலுக்கென்றே வந்தவர் என்பதையும் உணர்ந்தேன். நமக்கென வந்த ஒருவரை நாம் ஏன் அறியாமற் போனோம்? இக்கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அவர் வந்த காலத்திலே யாழ்ப்பாணத்து வைத்திய நிலைமை எவ்வாறிருந்தது என்பதை முதலிற் காண்போம்.

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்திலே தமது வேலையைத் தொடங்கியது 1816ஆம் ஆண்டில். தொடங்கிய இடம் நம் அயலூராகிய தெல்லிப்பழையேயாம். காங்கேசன்துறைப் பிள்ளைகள் பலர் பரம்பரை பரம்பரையாக அங்கே நடந்து சென்று கற்றிருக்கின்றனர். அம்மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டிலே இங்கு வந்து, அடுத்த ஆண்டிலே நம்மவர்க்கு மேனாட்டு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். நாவலர் பெருமான் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் அதே 1848ஆம் ஆண்டிலேதான். ஒருவர் சமயத்தைக் காக்கவும் மற்றொருவர் தேகத்தைக் காக்கவும் ஒரே ஆண்டிலே புறப்பட்டனர். இருவரும் தமது போதனைக்குத் தமிழையே கருவியாகக் கொண்டனர். கிறீன் வைத்தியர் மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலே பெயர்த்தார். அவற்றுள் முற்பட வந்தனவற்றுள் ஒன்று பிரசவ வைத்தியம் பற்றியது என்பது கவனிக்கத்தக்கது. எவ்விடத்திலே உயிர் மிகுதியாக இழக்கப்படுகின்றது என்பதை அவர் கண்டுகொண்டார்.

எனினும் கிறீன் வைத்தியர் பயிற்றிய மாணாக்கர் யாவரும் ஆண்மக்கள். அக்காலத்து யாழ்ப்பாணத்துப் பெண் ஓர் ஆண் வைத்தியர் முன்னிலையிலே நோயுரைக்கச் சம்மதியாள். அவளுடைய வீட்டாரும் சம்மதியார். ஆகவே தமிழிலே பிரசவ வைத்திய நூல் இருந்தும், அந்நூலைக் கற்ற வைத்தியர் அயலூரிலே இருந்தும், பிரசவ அறையின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. உள்ளே இருந்தவள் ஊர் மருத்துவச்சி. அவளை நாம் இகழ்தல் தகாது. அனுபவத்தால் வந்த கைத்திறனும், அஞ்சி நடுங்கும் இளந்தாயைத் தேற்றும் வல்லமையும் அவளிடம் இருந்தன. ஆனால் தொப்புட்கொடியை அறுக்கும் கருவியைக் கொதிநீரில் இட்டெடுக்க வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் எவருமிலர். அவ்வொன்றை அறியாமையால் ஏற்புவலி கண்டு இறந்த சிசுக்களும், காய்ச்சல் கண்டு இறந்த தாய்மாரும் எத்தனையோ பேர். வீட்டார் அதனை விதி என்றனர், தோஷம் என்றனர்.

இக்குறையை நன்குணர்ந்தவர்கள் லீச் சகோதரிகள் என வழங்கப்பட்ட மேரி, மார்கிறற் என்னும் இரு மாதர். 1880ஆம் ஆண்டிலே அமெரிக்காவிலிருந்து இங்கு வந்த இவர்கள், பெண்களுக்கெனப் பெண் வைத்தியர்களாலேயே நடத்தப்படும் வைத்தியசாலை ஒன்று வேண்டும் என உறுதிகொண்டு, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஊர் ஊராகச் சென்று பேசிப் பொருள் திரட்டினர். அதன் பயனாக 1898ஆம் ஆண்டிலே இணுவிலிலே திறக்கப்பட்டதே மக்லியொட் வைத்தியசாலை. நம் முதியோர் இன்றும் 'இணுவில் ஆசுப்பத்திரி' என அன்போடு கூறுவது இதனையே.

அவ்வைத்தியசாலைக்குப் பெண் வைத்தியர்கள் வேண்டுமே! அக்காலத்திலே மேனாடுகளிலும் பெண்கள் வைத்தியம் கற்பது எளிதன்று. ஆண்களோடு ஒரே வகுப்பிலே இருந்து உடற்கூறு கற்பதைக் கல்லூரிகள் விரும்பாமையால், ரொறொன்ரோ நகரிலே பெண்களுக்கெனத் தனி வைத்தியக் கல்லூரி ஒன்று ஏற்படுத்தப்பட்டிருந்தது. அங்கே கற்றுத் தேறியவர் மேரி இர்வின் என்னும் இளமாது. இருபத்துமூன்று வயதிலே, தாம் ஒருபோதும் கண்டிராத யாழ்ப்பாணத்திலே பெண்களுக்கு வைத்தியம் செய்வதற்கென அவர் தெரிந்தெடுக்கப்பட்டார்.

இடையிலே ஒன்று நிகழ்ந்தது. உயர்கல்வியின் பொருட்டு அமெரிக்கா சென்றிருந்த சாமுவேல் கிறிஸ்மஸ் கனக இரத்தினம் என்னும் இலங்கைத் தமிழரை அவர் சந்தித்தார். இருவரும் மணவினையால் இணைந்தனர். கனக இரத்தினம் கிறிஸ்தவர், கற்றவர், ஒழுக்கத்திலே எவரும் குறை காணாதவர். எனினும் அவர் தமிழர், மேரியோ வெள்ளையர். சுதேசி ஒருவரைக் கைப்பிடித்த பெண்ணைத் தமது ஊழியராக ஏற்றுக்கொள்ள மிஷன் பணியிலிருந்த வெள்ளையர்க்கு மனம் வரவில்லை. எந்த வைத்தியசாலைக்கென அவர் கடல் கடந்து வந்தாரோ அந்த இணுவிலிலே தொண்டு செய்யும் பேறு அவருக்கு வாய்க்காமற் போயிற்று. அவ்வைத்தியசாலையின் பாரத்தை நெடுங்காலம் சுமந்தவர் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த இசபெல்லா கேர் அம்மையார். அவருடைய பணி தனியாக எழுதுதற்குரியது. இணுவிலிலே பயிற்சி பெற்ற தாதிமார் யாழ்ப்பாணத்தின் பல ஊர்களிலும் சென்று தொண்டாற்றியதை நம் பாட்டிமார் அறிவர்.

மிஷனாரின் பள்ளியிலே கற்று அவர்கள் செய்த நன்மையை அனுபவித்தவன் நான். ஆதலாலே இச்செய்தியை வாசித்தபோது எனக்குண்டான மனவருத்தம் பெரிது. எல்லா மனிதரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என வாயாரக் கற்பித்தவர்கள், அப்பிள்ளைகளுள் ஒருவர் மற்றொருவரை மணந்தபோது முகஞ்சுளித்தனர். ஆனால் இதனைச் சொல்லி நகைக்கும் உரிமை நமக்கு உண்டா? அதே 1896ஆம் ஆண்டிலே நம் சைவக் குடும்பமொன்றின் மைந்தன் கடல் கடந்த பெண்ணொருத்தியை அழைத்து வந்திருப்பின் நம் வீட்டுத் திண்ணைகள் என்ன சொல்லியிருக்கும்? கடல் கடந்த பெண் இருக்கட்டும். அடுத்த குறிச்சியிலே, வேறு சாதியிலே ஒருத்தியைக் கைப்பிடித்து வந்தால் இன்றைக்கும் என்ன சொல்வோம்? மிஷன் பங்களாவிலே இருந்த வேலி நம் வளவிலும் இருந்தது. பனையோலை வேலி மாறி மதில் வந்தபின்னும் அது முற்றாக நீங்கிவிட்டது என்று சொல்லத் துணியேன்.

கதவு அடைபட்டபோது மேரி அம்மையார் தாய்நாட்டுக்குத் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. கொழும்பிலே பெண்களுக்கென அமைந்த லேடி ஹவ்லொக் வைத்தியசாலையிலே சில காலம் அரசாங்க வைத்தியராகக் கடமையாற்றிய பின், தாமே தனித்து வைத்தியம் செய்யத் தொடங்கினார். வீடுகளுக்குச் சென்று பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் செய்தபோது அவர் ஓர் உண்மையைக் கண்டார். மருந்து கொடுத்து மாற்றிய நோய் அதே வீட்டிலே சில வாரங்களில் மீண்டும் வருகின்றது. காரணம் யாது? கிணற்றுநீர் மாறவில்லை; சமையலறை மாறவில்லை; தாய்க்கு உணவு கடைசியாகவே கிடைக்கின்றது; எழுதப் படிக்கவும் அவளுக்குத் தெரியாது. நோயாளி வைத்தியரைத் தேடி வரும்வரை காத்திருப்பது பாதி வைத்தியமே. மற்றப் பாதி வைத்தியம் பெண்கள் கூடியிருந்து கற்றுக்கொள்ளும் இடத்திலே நடைபெற வேண்டும்.

இந்த எண்ணமே அவருடைய எஞ்சிய ஆயுள் முழுவதையும் நடத்திச் சென்றது. 1904ஆம் ஆண்டிலே இலங்கை மாதர் ஐக்கிய சங்கம் தோன்றுவதற்கு அவர் முன்னின்றார். குழந்தை வளர்ப்பு, வீட்டுச் சுகாதாரம், தையல் முதலியவற்றைப் பெண்களுக்குக் கற்பிப்பது அதன் நோக்கம். 1909ஆம் ஆண்டிலே கொழும்பிலே தமிழ் மாதர் சங்கம் தொடங்கப்பட்டபோதும் அதன் தோற்றத்திலே பங்குகொண்டார். தமிழிசையையும் நடனத்தையும் வளர்த்த 'கலாலயம்' என்னும் கலைப்பள்ளி அச்சங்கத்தின் வழியே வந்ததாகும். தமிழரை மணந்ததற்காக ஒதுக்கப்பட்டவர் தமிழ்ப் பெண்களின் சங்கத்துக்கு வித்திட்டோருள் ஒருவராயினார். பாடசாலைப் பிள்ளைகளுக்கென உடல்நலம் பற்றியும் மனையியல் பற்றியும் நூல்களும் எழுதினார்.

1897ஆம் ஆண்டின் சிறப்பை இங்கே கூறாமல் மேற்செல்ல முடியாது. மேரி அம்மையார் இலங்கைக்கு வந்த மறு ஆண்டு அது. அவ்வாண்டு தை மாதத்திலே சுவாமி விவேகானந்தர் மேனாட்டிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பிலே இறங்கி, யாழ்ப்பாணத்துக்கும் எழுந்தருளி, இந்துக் கல்லூரியிலே வேதாந்தம் பற்றிப் பேருரை ஆற்றினார். மே மாதம் முதலாந் திகதி அவர் கல்கத்தாவிலே இராமகிருஷ்ண மிஷனை நிறுவினார். இவ்விரண்டிற்கும் இடையே, பெப்ரவரி 19ஆந் திகதி, மேரி அம்மையார் பிறந்த ஒன்ராறியோ மாகாணத்திலே ஸ்ரோனி கிறீக் என்னும் சிற்றூரிலே வேறொரு காரியம் நடந்தது. அடலெயிட் ஹூட்லெஸ் என்னும் மாது தமது பதினான்கு மாதக் குழந்தையை 1889ஆம் ஆண்டிலே இழந்தவர். அசுத்தமான பாலே தம் பிள்ளையைக் கொன்றது என அவர் நம்பினார். தமக்கு ஒருவர் முன்னரே சொல்லித் தந்திருப்பின் பிள்ளை பிழைத்திருக்குமே என்ற துயரத்தினாலே, கமக்காரர் மனைவியர் ஒன்றுகூடி வீட்டு நிருவாகத்தையும் சுகாதாரத்தையும் கற்கும் மாதர் சங்கத்தை அவ்வூரிலே தொடங்கினார். அந்த ஒரு சங்கத்திலிருந்து உலகின் பல நாடுகளிலும் கிராம மாதர் சங்கங்கள் பெருகின.

நமக்கு அண்மையிலே வங்காளத்திலும் இதே போன்ற முயற்சி எழுந்தது. சரோஜ நளினி தத்தர் என்னும் இந்துப் பெண்மணி 1913ஆம் ஆண்டிலே பாப்னா என்னும் ஊரிலே 'மகிளா சமிதி' ஒன்றை அமைத்தார். திரைக்குப் பின்னால் இருந்த பெண்களைக் கூட்டிவைத்துக் கைத்தொழிலும் சுகாதாரமும் கற்பித்தார். 1925ஆம் ஆண்டிலே இளவயதிலேயே அவர் காலமான பின்னும் அவர் பெயரால் அப்பணி நடந்தது.

கனடா நாட்டுக் கமக்காரர் மனைவியரின் சங்கத்தையும் வங்காளத்துச் சமிதியையும் ஒருங்கே நோக்கி, நம் நாட்டுக்கு ஏற்றவாறு மேரி அம்மையார் 1930ஆம் ஆண்டிலே அமைத்ததே 'லங்கா மகிளா சமிதி'. பெயரே வங்காளத்தின் வழி வந்தது. அதன் முறை எளிமையானது. கிராமத்துப் பெண்கள் தமக்குள்ளே ஒரு சங்கமாகக் கூடுவர். ஒரு முற்றமோ பாடசாலை அறையோ போதும். குழந்தையை எவ்வாறு நீராட்டுவது, எந்த இலைக்கறியிலே என்ன சத்து உண்டு, கிணற்றையும் மலகூடத்தையும் எவ்வளவு தூரத்தில் வைப்பது, வீட்டுத் தோட்டம் எவ்வாறு போடுவது, சிறு பணத்தை எவ்வாறு சேமிப்பது என்பனவற்றைக் கற்பர். நெசவும் தையலும் பழகுவர். சாதி, சமயம், மொழி, கட்சி என்னும் பேதத்துக்கு அங்கே இடமில்லை. பட்டணத்துச் சீமாட்டி தருமம் கொடுக்க, கிராமத்துப் பெண் கையேந்தி நிற்கும் முறையை அம்மையார் விரும்பவில்லை. கிராமத்துப் பெண்ணே தலைவியாகவும் காரியதரிசியாகவும் இருந்து தன் ஊரின் காரியத்தைத் தானே நடத்த வேண்டும் என்பதே அவருடைய கொள்கை.

அச்சங்கம் எத்தகைய காலத்திலே தோன்றியது என்பதற்கு இரண்டு கணக்குகள் போதும். 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் காய்ச்சல் இலங்கையைப் பீடித்தது. அதற்குப் பலியானோர் ஏறக்குறைய எண்பதினாயிரம் பேர். 1935ஆம் ஆண்டிலே இந்நாட்டிற் பிறந்த ஒவ்வோராயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன் இறந்தன. நான்கு தொட்டில்களுள் ஒன்று வெறுமையாயிற்று என்பது இதன் பொருள். இன்றோ அவ்வெண்ணிக்கை ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைவு. இம்மாற்றத்துக்குக் காரணம் பல: இலவச வைத்தியசாலைகள், ஊர்தோறும் நியமிக்கப்பட்ட மருத்துவமாதர், தடுப்பூசி, மலேரியா ஒழிப்பு, பெண்கல்வி. எந்த ஒருவரையும் எந்த ஒரு சங்கத்தையும் இதற்கு உரிமையுடையதாகச் சொல்லல் பிழை. ஆனால் மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது, சொன்னதைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் தாய் ஒருத்தி அங்கே இருத்தல் வேண்டும். அந்தத் தாயை ஆயத்தம் செய்தவை இத்தகைய சங்கங்களே.

வைத்தியத்தோடு நின்றுவிடாது அம்மையார் பெண்களின் வாக்குரிமைக்காகவும் உழைத்தார். இவ்விடயம் நம் காங்கேசன்துறையோடு நெருங்கிய தொடர்புடையது. 1927ஆம் ஆண்டின் இறுதியிலே டொனமூர் கமிஷன் இலங்கைக்கு வந்தபோது, மாதர் வாக்குரிமைச் சங்கம் ஒன்று அமைக்கப்பட்டது. டெய்சி டயஸ் பண்டாரநாயக்க, அக்னஸ் டி சில்வா முதலியோரோடு மேரி அம்மையாரும் அதிலே முன்னணியில் நின்றார். அச்சங்கத்தார் கமிஷன் முன் சாட்சியம் அளிக்கையில், தோட்டங்களிலே வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமா என்று கேட்கப்பட்டது. அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என அக்னஸ் டி சில்வா தயங்காது விடையளித்தார். மறுபுறத்திலே, மருதனார்மடத்திலே பெண்களுக்கெனக் கல்லூரி அமைத்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார். அப்பெரியாரின் கல்வித் தொண்டுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் இவ்விடயத்திலே காலம் அம்மாதரின் பக்கமே நின்றது. பெண்களுக்கு முப்பது வயதிலேயே வாக்குரிமை எனக் கமிஷன் விதந்துரைத்தது. முடிவிலே, 1931ஆம் ஆண்டிலே, இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் அது சமமாகக் கிடைத்தது.

அவ்வாண்டுத் தேர்தலிலே நம் பகுதியிலே நிகழ்ந்தது யாது? பூரண சுயராச்சியம் தரப்படவில்லை என்ற காரணத்தால் யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் தேர்தற் பகிஷ்காரத்துக்கு அழைப்பு விடுத்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, காங்கேசன்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. அவ்வாலிபரின் தேசபக்தியையும், தீண்டாமைக்கு எதிராக அவர்கள் காட்டிய துணிவையும் யான் போற்றுகின்றேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சரித்திரத்திலே முதன்முறையாக வாக்குப் பெற்ற காங்கேசன்துறைப் பெண், அவ்வாக்கை அளிக்க 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தல் வரை காத்திருக்க நேர்ந்தது. பகிஷ்கரிக்கலாமா என்று அவளிடம் எவரேனும் கேட்டனரா? ஆடவர் கூடிப் பேசி ஆடவர் முடிவு செய்தனர். அதற்கிடையிலே 1932ஆம் ஆண்டிலே நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணி கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றுவிட்டார். வாலிபர் சங்கத்தவராகிய நாம் இதனை நினைவில் வைத்தல் நன்று. நம் முன்னோராகிய வாலிபர் நல்லெண்ணத்தோடே செய்த காரியத்திலும் வீட்டினுள்ளே இருந்தவரின் குரல் கேட்கப்படவில்லை.

1937ஆம் ஆண்டிலே மேரி அம்மையார் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவுசெய்யப்பட்டார். அச்சபையிலே அங்கம் பெற்ற முதற் பெண் அவரே. ஆனால் அப்பதவியிலே நெடுங்காலம் இருக்க அவருக்கு வாய்க்கவில்லை. அது அவரைத் தளர்த்தியதாகவும் தெரியவில்லை. இருபத்துமூன்று வயதிலே தமக்கென இருந்த வைத்தியசாலையை இழந்தவர், அறுபத்துநான்கு வயதிலே ஒரு நாற்காலியை இழந்ததற்காகவா தளர்வார்? பதவி போனதும் தொண்டும் போய்விடுவது பதவியின் பொருட்டுத் தொண்டு செய்வோர்க்கே உரியது. அம்மையாரின் வாழ்விலே பதவிகள் வந்தன, போயின. சங்கத்துக் கூட்டம் மாத்திரம் தவறவில்லை.

1957ஆம் ஆண்டிலே விமான விபத்திலே காலமான பிலிப்பைன்ஸ் தேசத்து ஜனாதிபதி ரமோன் மக்சாசேயின் ஞாபகார்த்தமாக ஒரு பரிசு ஏற்படுத்தப்பட்டது. ஆசியாவிலே தன்னலமற்ற தொண்டு புரிந்தோர்க்கென அமைந்த அப்பரிசு 1958ஆம் ஆண்டிலே முதன்முறையாக வழங்கப்பட்டபோது, சமூகத் தலைமைக்காக அதனைப் பெற்றவர் பூதான இயக்கம் நடத்திய ஆசார்ய வினோபா பாவே. பொதுத் தொண்டுக்காகப் பெற்றவர் எண்பத்தைந்து வயதான மேரி இரத்தினம் அம்மையார். கிராமம் கிராமமாக நடந்து நிலத்தைக் கேட்டவர் ஒருவர். கிராமத்துப் பெண்ணை முற்றத்துக்கு அழைத்து அமரச் செய்தவர் மற்றொருவர். இருவரையும் ஒரே ஆண்டிலே ஒரே பரிசு ஒன்றுசேர்த்தது பொருத்தமானதே. நான்கு ஆண்டுகளின் பின், 1962ஆம் ஆண்டிலே, அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இனி, இச்சரித்திரத்தால் நமக்கு வரும் பயன் யாது?

1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு ஊரை விட்டு வெளியேறினர். எங்கள் அம்மம்மாவும் அவருள் ஒருவர். அவர் சொல்லக் கேட்டதை இங்கே எழுதுகின்றேன். முகாமிலே பல குடும்பங்கள் ஒரே கொட்டிலின் கீழே இருந்தபோது, ஆண்கள் விதானையாரையும் நிவாரண அட்டையையும் தேடி அலைந்தனர். முகாமிலே இருந்த முதற் கேள்வியோ குடிநீரும் மலகூடமுமாம். அதனை ஒழுங்கு செய்தவர்கள் ஊரிலே மாதர் சங்கம் நடத்திய நாலைந்து பெண்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குழந்தைகளுக்குக் கொடுக்கவேண்டும் எனக் கொட்டில் கொட்டிலாகச் சென்று சொன்னார்கள். விறகுக்கு முறை வைத்தார்கள். பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கியவர்களின் பெயர்களை ஒரு கொப்பியிலே எழுதி, யார் யாரோடு ஆசுப்பத்திரிக்குச் செல்வது என முன்னரே தீர்மானித்து வைத்தார்கள். "ஊரும் போச்சு, வீடும் போச்சு, சங்கம் மட்டும் எங்களோட வந்தது, தம்பி" என்றார் அம்மம்மா. அச்சங்கத்தார் மேரி இரத்தினத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் முற்றத்திலே கூடியிருந்து தம் காரியத்தைத் தாமே நடத்தும் பெண்களின் பழக்கம் இந்நாட்டிலே எவ்வாறு வேரூன்றியது என ஆராய்வோர் அவரைக் காணாமற் செல்ல முடியாது.

யுத்தம் முடிந்தபின் நம் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. கோயில்களைப் புதுப்பிக்கின்றோம், அது கடமை. சனசமூக நிலையங்களைக் கட்டுகின்றோம்; அதுவும் வேண்டியதே. ஆனால் நம் நிலம் சுண்ணக்கல் நிலம். மேலே இடுகின்ற அழுக்கும் உரமும் கல்லிடுக்கின் வழியே விரைந்து இறங்கிக் கிணற்றுநீரிலே கலக்கும். மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் வேண்டும் என்று 1930ஆம் ஆண்டிலே அம்மையாரின் சமிதி பேசிய பேச்சு, இன்றும் நம் ஊரிலே பேசவேண்டிய பேச்சாகவே இருக்கின்றது. புது வீடு கட்டுகின்றவர்களிடத்திலே இதனைச் சொல்ல நம் சங்கத்து இளைஞர் பத்துப்பேர் முன்வரலாகாதா?

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. நம் ஊரிலும் அயலிலும் மருத்துவமாதராய், தாதிமாராய், மாதர் சங்கக் காரியதரிசிகளாய் உழைத்த மூதாட்டிகள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். இடப்பெயர்விலே பதிவேடுகள் அழிந்தன, புகைப்படங்கள் அழிந்தன, எஞ்சியிருப்பது அவர்களுடைய ஞாபகம் ஒன்றே. அதுவும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. இம்மலர் வெளிவரும் இவ்வாண்டிலேயே நம் சங்கத்தார் கொப்பியும் எழுதுகோலுமாக அவர்கள் வீட்டுக்குச் சென்று, எந்த எந்த வீட்டிலே எந்த எந்தப் பிள்ளையை அவர்கள் கையிலேந்தினார்கள் என்று கேட்டு எழுதவேண்டும். அவ்வாறு எழுதுவோமாயின், அடுத்த தலைமுறையிலே ஒரு மாணாக்கன் தன் ஊருக்கு உழைத்தவரின் பெயரை வேறெங்கோ சென்று தற்செயலாக அறிந்து வெட்கப்படும் நிலை வாராது.

இணுவிலின் கதவு மேரி அம்மையாருக்குத் திறக்கவில்லை. அவரோ இந்நாட்டின் எத்தனையோ முற்றங்களைப் பெண்களுக்காகத் திறந்துவைத்தார். மூடிய கதவின் முன் நின்று முறையிட்டு ஆயுளைக் கழிப்பதா, திறக்கக்கூடிய கதவைத் தேடிச் செல்வதா என்னும் கேள்வி, ஊரை இழந்து ஊரை மீட்கும் நமக்கு இன்று புதியதன்று. அவர் தமது விடையை அறுபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தே காட்டினார். நம் விடையை நாமே வாழ்ந்து காட்ட வேண்டும். அதற்கு எல்லாம் வல்ல நகுலேசப் பெருமானும் மாவைக் கந்தனும் நமக்குத் திருவருள் பாலிப்பார்களாக.